மீதி 455 எங்கே?

கணக்குப் படித்தவர்களில் சிலருக்கு ஒரு வியாதி உண்டு. வழி கேட்டால் வழியைச் சொல்லாமல், மொத்தம் எத்தனை வழி இருக்கிறது என்று சொல்வார்கள். இருபத்திரண்டு வயதில் எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. அதன் விளைவாக, குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு நாள் காலை, மிராசுதார்களும் விவசாயத் தொழிலாளர்களும் ஒன்றுசேர்ந்து என்னைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான விடை எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் சோகம்.

எழுபதுகளின் தொடக்கம். தஞ்சாவூரில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு ஒரு தாலுகா ஆபீசில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். (தற்காலிகம் என்றால் நாற்காலி உண்டு, மேசை கிடையாது.) நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு, யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்பதை யாருமே நேராகச் சொல்லாத காலம் அது. பண்ணை வீட்டுச் சமையல்காரர் பெயரில் பத்து ஏக்கர் இருக்கும். சமையல்காரருக்கு அது தெரியாது. அதனால் தாலுகா ஆபீசிலிருந்து ஓர் எண் வெளியே வந்தால் ஜனங்கள் அந்த எண்ணைப் பார்க்கமாட்டார்கள். அதற்குப் பின்னால் எது ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். இதைக் கல்லூரியில் சொல்லித் தரவில்லை.

கல்லூரி எனக்குத் தந்தது 0, 1, 2, 9, 44, 265 என்று போகும் ஓர் எண்வரிசை. கல்யாண மண்டப வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறோம். திரும்பி வரும்போது ஒருவருக்குக்கூடத் தன் செருப்பு கிடைக்காமல் எல்லாமே மாறிப்போவதற்கு எத்தனை வழி? ஒரே ஆள் என்றால் வழியே இல்லை. இரண்டு பேர் என்றால் ஒன்று, மூன்று பேர் என்றால் இரண்டு, நான்கு பேருக்கு ஒன்பது. கடைசி இரண்டு எண்களைக் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் அடுத்த எண் வந்துவிடும். ஒன்பதும் நாற்பத்து நான்கும் ஐம்பத்து மூன்று. ஐந்தால் பெருக்கினால் 265. ஆறு பேருக்கான விடை அது.

நண்பர்கள் சினிமாப் பாட்டை முணுமுணுத்த வயதில் நான் இதை முணுமுணுத்தேன். பார்த்த இடமெல்லாம் அதுவே தெரிந்தது. தபால்காரர் கடிதங்களை வீடு மாற்றிப் போட்டால் அதே வரிசை. சலவைக்குப் போன சட்டைகள் ஆள் மாறி வந்தால் அதே வரிசை. எந்த வாத்தியாரும் தன் பள்ளிக்கே தேர்வு மேற்பார்வைக்குப் போகக்கூடாது என்றாலும் அதேதான். சித்தப்பா மகள் கல்யாணத்தில் அப்பாவின் செருப்பு காணாமல் போனபோது, இதற்கு எத்தனை வாய்ப்பு என்று விளக்கினேன். அப்பா ரயிலடி வரை வெறுங்காலோடு நடந்தபடி சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

இப்போது கிராமத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். வாய்க்கால் ஓரமாக, மேற்கிலிருந்து கிழக்காக, ஆறு பண்ணைகள். ஒவ்வொரு பண்ணைக்கும் பரம்பரையாக ஓர் அறுப்பு செட்டு, அதாவது அறுவடை ஆட்களின் குழு. அப்பன் எந்தப் பண்ணையில் அறுத்தானோ அங்கேதான் மகனும் அறுக்க வேண்டும். அந்த ஆண்டு குறுவையில் கூலித் தகராறு வந்தது. பேச்சுவார்த்தையில் கூலி ஒருவழியாக முடிவாகிவிட்டது. ரோஷம் முடிவாகவில்லை. "பழைய வாசல்ல கால் வெக்க மாட்டோம்" என்றார்கள் ஆறு செட்டுக்காரர்களும். "அந்தப் பயலுக என் வரப்புல ஏறக்கூடாது" என்றார்கள் ஆறு மிராசுதார்களும். அடுத்த பண்ணைக்குப் போவதிலோ, அடுத்த செட்டை விடுவதிலோ யாருக்கும் ஆட்சேபணை இல்லை. நெல் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. கிழக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மழையில் சாய்ந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். மிராசுதாருக்கு விளைச்சல் போகும், செட்டுக்கு அறுப்புக் கூலி நெல் போகும். வெளியூர் ஆட்களைக் கொண்டுவருவோம் என்று ஒரு பேச்சும் கிளம்பியிருந்தது. வந்தால் வெட்டுக்குத்து நிச்சயம். புளியமரத்தடியில் போலீஸ் வேன் நின்றது.

தாசில்தார் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே பேசுகிறவர்.

"தம்பி, நீ கணக்குப் படிச்சவன்தானே? எந்த செட்டு எந்தப் பண்ணைக்குன்னு ஒரு பட்டியல் போடு. பழைய இடம் மட்டும் வரக்கூடாது. நாளைக்குக் காலைல கூட்டத்துல வாசிக்கணும்."

ஒரு பட்டியல். ஆறு வரி. சிகரெட் அட்டையின் பின்பக்கம் போதும்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு செட்டு, ஆறு பண்ணை, ஒருவருக்கும் பழைய இடம் கூடாது! என் எண்வரிசை அரசாங்க வேலையாக என்னைத் தேடி வந்திருக்கிறது! அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. 265 வழிகளையும், ஒரு வழிக்கு ஒரு வரியாக, பதினோரு முழுத்தாளில், வரிசை எண் போட்டு எழுதினேன். முதல் தாளில் ஒரு முன்னுரை. சரிபார்க்க இரண்டு முறை எண்ணினேன். தாசில்தாரிடம் கொடுத்தபோது அவர் கனத்தைப் பார்த்து, "பரவாயில்லையே, வெவரமா எழுதியிருக்கே" என்றார். படிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் கூட்டம். ஒரு பக்கம் பெஞ்சில் மிராசுதார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் பெரிய பண்ணை வைத்திலிங்கம். ஜரிகைத் துண்டு, வெற்றிலை, குறைந்த பேச்சு. எதிர்ப்பக்கம் செட்டுக்காரர்கள் நின்றார்கள். பெஞ்சு காலியாக இருந்தும் உட்காரவில்லை. அவர்கள் சங்கத்துச் செயலாளர் மாரிமுத்து, அதிகம் பேசுகிறவர். ஆறு செட்டுகளில் ஒன்றுக்குத் தலைமை அஞ்சம்மாள் என்ற பெண்மணி. பெரிய பண்ணையில் அறுத்துவந்த செட்டு அவருடையது. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, வேலை எப்போது ஆரம்பம் என்பதுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாசில்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னுரையை வாசித்தார். "தீர ஆராய்ந்ததில், மேற்படி செட்டுகளைப் பண்ணைகளுக்கு மாற்றி அனுப்ப 265 வழிகள் உள்ளதாகத் தெரியவருகிறது." அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்ததையும் புரட்டினார். என்னைப் பார்த்தார்.

வைத்திலிங்கம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "மொத்தம் எத்தனை தம்பி?"

"எப்படி வேணா அனுப்பலாம்னா மொத்தம் 720ங்க."

"அப்ப மீதி?"

மாரிமுத்து விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "நானூத்தி அம்பத்தஞ்சு! மீதி நானூத்தி அம்பத்தஞ்சு எங்க?"

"அதெல்லாம் தள்ளுபடி பண்ணிட்டேங்க" என்றேன், பெருமையாக.

"தள்ளுபடி பண்ண நீ யாரு?" என்றார் வைத்திலிங்கம்.

"அதானே, கேளுங்க!" என்றார் மாரிமுத்து.

(இருவரும் ஒரே கட்சியாகப் பேசியது அந்த ஊரில் அதுவே முதல் தடவை என்று பின்னால் சொன்னார்கள். அதற்கான பெருமை எனக்கே உரியது.)

நான் வாயை மூடியிருக்கலாம். விளக்கினேன். "அந்த 455-லயும் ஒரு செட்டாவது பழைய பண்ணைக்கே போற மாதிரி வருதுங்க."

மாரிமுத்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? நம்மளப் பழைய வாசலுக்கே அனுப்ப 455 திட்டம் போட்டு வெச்சிருக்காங்க!"

"அந்த 455-க்கும் சான்று நகல் வேணும்" என்றார் வைத்திலிங்கம். "எங்க வக்கீல் பார்க்கட்டும்."

"மறைக்காதே! மறைக்காதே! நானூத்தி அம்பத்தஞ்சை மறைக்காதே!" பின்னாலிருந்து யாரோ ஆரம்பித்துவிட்டார்கள். கோஷத்துக்கு அந்த எண் நன்றாகவே பொருந்தியது. வேனிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கித் தொப்பியைச் சரிசெய்தார். கிழக்கே இடி ஒன்று உருண்டது. தாசில்தாரின் பொடி டப்பா அசையவில்லை.

செய்து காட்டினால் புரியும் என்று எனக்குத் தோன்றியது. அந்த விநாடியை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. மிராசுதார்களிடம் போய், "ஐயா, துண்டைக் கொஞ்சம் குடுங்க, சர்க்கார் காரியம்" என்று ஆறு துண்டுகளை வாங்கினேன். செட்டுத் தலைவர்கள் ஆறு பேரையும் பண்ணை வரிசைப்படி மேற்கிலிருந்து கிழக்காக நிற்க வைத்தேன். பிறகு யார் எந்தப் பண்ணையின் பழைய ஆளோ, அந்தப் பண்ணைத் துண்டை அவர் தோளில் போட்டேன்.

கோஷம் நின்றது. எதுவும் விளங்காமல் நான் நின்றேன். மிராசுதாரைக் கண்டால் கூலி ஆட்கள் தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் ஒழிந்து அங்கே பத்து வருஷம்கூட ஆகவில்லை. அவர்கள் தோளில் மிராசுதாரின் துண்டையே போட்டவன், அந்த ஜில்லாவில் எனக்கு முன்பு இருந்திருக்க மாட்டான். வைத்திலிங்கத்தின் ஜரிகைத் துண்டு அஞ்சம்மாளின் தோளில் கிடந்தது. அதை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். கையால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன ஐயா, கனமே இல்லையே. இதுக்கா எங்கப்பன் இவ்வளவு குனிஞ்சு நின்னாரு?"

வைத்திலிங்கம் பூவரச மரத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் அதே மரத்தைப் பார்த்தார். நான் மட்டும், "இப்ப யாருக்கும் பழைய துண்டு இல்லாம மாத்தப் போறேன், கவனிங்க" என்று துண்டுகளை உருவிக் கலக்க ஆரம்பித்தேன். (கவனிக்கிற திறமை எனக்குப் பின்னால்தான் வந்தது. அதை வைத்து முப்பது வருஷம் பத்திரிகையில் பிழைத்தேன்.)

கலக்கிப் போட்டேன். "எனக்குப் பழசே வந்துருச்சு!" என்றார் ஒருவர். மறுபடி கலக்கினேன். இருவருக்குப் பழசு வந்தது. மூன்றாம் முறையும் ஒருவருக்கு. 720-இல் 455 முறை இப்படித்தான் ஆகும் என்பது எனக்குத் தெரியும். நானே கண்டுபிடித்து அறிக்கை எழுதியிருக்கிறேன். 265 வரிகளையும் எழுதிய கைக்கு, ஆறு துண்டை மாற்றத் தெரியவில்லை.

"தம்பி, நீங்க அங்கிட்டு நில்லுங்க" என்றார் அஞ்சம்மாள். "எல்லாரும் அவங்கவங்க பழைய துண்ட வாங்கிக்குங்க. வாங்கியாச்சா? இப்ப ஒவ்வொருத்தரும் கிழக்கால நிக்கிற ஆளோட துண்ட எடுத்துக்குங்க. கிழக்குக் கோடி ஆளு மட்டும் மேக்கால போயி மொத ஆளோடத எடுத்துக்க. பழசு யாருக்காச்சும் வந்திருக்கா?"

வரவில்லை.

"அவ்ளோதான். ஆளுக்கு ஒரு பண்ணை கிழக்கே தள்ளி எறங்குவோம். மழை வருது."

தாசில்தார் பொடி டப்பாவை ஒரு தட்டுத் தட்டினார். "அரசு இதை அங்கீகரிக்கிறது." மாரிமுத்து வைத்திலிங்கத்தைப் பார்த்தார். வைத்திலிங்கம் தலையை அரை அங்குலம் அசைத்தார். துண்டுகள் திரும்பின. வைத்திலிங்கம் தன்னுடையதைத் தோளில் போடாமல் மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். வெயில் ஏறுமுன் ஆறு வயலிலும் அரிவாள் இறங்கிவிட்டது. நாலாம் நாள் மழை கொட்டியபோது, கடைசிப் பண்ணையில் ஒரு மூலையைத் தவிர எல்லாம் களத்துக்கு வந்திருந்தன.

கிளம்பும்போது அஞ்சம்மாளிடம், "உங்களுக்கு இது எப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"தோணறதுக்கு என்ன தம்பி இருக்கு? அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும். மொதல்ல சொன்ன ஆளு எறங்கி வந்த மாதிரி ஆயிடும்ல? அதுக்குத்தான் சர்க்கார் வாயால வரட்டும்னு உங்களக் கூப்பிட்டது. நீங்க என்னடான்னா மூட்டை மூட்டையா கொண்டாறீங்க."

ஆபீசுக்குத் திரும்பியதும் பதினோரு தாளையும் எடுத்துத் தேடினேன். அவர் சொன்னது பதின்மூன்றாவது வரி. என் கையெழுத்தில், தெளிவாக, முதல் தாளிலேயே இருந்தது.

என் வேலை நீட்டிக்கப்படவில்லை. தாசில்தார் நல்லவர், சான்றிதழில் "இவர் கேட்டதற்கு மேல் செய்பவர்" என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு ஒரு பத்திரிகை ஆசிரியர் மட்டுமே என்னை எடுத்துக்கொண்டார். முதல் வாரத்திலேயே என் செய்தியில் முக்கால்வாசியை அடித்துவிட்டுச் சிரித்தார்.

வீட்டில் இது ஓயவில்லை. தேங்காய் ஒன்று குறைந்தாலும், ரயில் டிக்கெட் ஒன்று காணாமல் போனாலும், என் மனைவி சமையலறையிலிருந்தே, "மீதி 455 எங்கே?" என்பாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போன வருஷம் போன் செய்தாள். ஆபீசில் ஆறு பேர் சீட்டெழுதிப் பரிசு மாற்றிக்கொள்கிறார்களாம்; யாருக்கும் தன் பெயரே வரக்கூடாதாம்; எப்படி என்று கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "இதுக்கு மொத்தம்..." என்று ஆரம்பித்தேன். மனைவி போனைப் பிடுங்கி, "ஒரு ஆள் தள்ளிக் குடுக்கச் சொல்லுடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த ஊருக்கு ஒருமுறை போனேன். மாரிமுத்துவுக்கு எண்பது தாண்டியிருந்தது. அடையாளம் கண்டுகொண்டு, டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்தார். நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பதான் நீங்க சர்க்கார் உத்தியோகத்துல இல்லையே. உண்மையச் சொல்லுங்க தோழர். அந்த 455 யாருகிட்ட போச்சு?"

ஐம்பது வருஷம் கழித்து விளக்க ஆரம்பித்தால் மறுபடி துண்டு வாங்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"பினாமி பேர்ல இருக்குங்க" என்றேன்.

அவர் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார். "எனக்கு அப்பவே தெரியும்!"

அந்த விஷயத்தில் நான் கொடுத்த விளக்கங்களில், கேட்டவர் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.