பந்திக்கு நடந்து போன இன்டர்நெட்

எத்தனையோ நேர்முகத் தேர்வுகளுக்குப் போயிருக்கிறேன். ஆனால் அறுபது பேர் முன்னிலையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த அறுபது பேரும் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. சிதம்பரத்தில் நான், கணவர் செந்தில், இரண்டு வயது மகள், மாமியார் என்று நான்கு பேர். செந்திலுக்கு கீழ வீதிக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. கோடையில் சாப்பிட நேரம் இருக்காது, மழைக்காலத்தில் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. அதனால் என் சம்பளமும் வீட்டுக்கு வேண்டியிருந்தது. குழந்தை பிறந்ததும் கல்லூரி வேலையை விட்ட நான், மறுபடி வேலை தேடினேன்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கடலூரில் ஒரு தனியார் கல்லூரி கூப்பிட்டது. சம்பளத்தில் கால்வாசி பஸ்ஸுக்கே போய்விடும், மகள் தூங்கி எழுவதற்குள் கிளம்பி, அவள் அழுது ஓய்ந்த பிறகு திரும்ப வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனி நல்ல சம்பளம் சொன்னது. ஆனால் செந்திலின் கடையைப் பெயர்த்து ரயிலில் ஏற்ற முடியாது. மூன்றாவது, பள்ளிப் பாடங்களை ஆன்லைனில் நடத்தும் ஒரு நிறுவனம். வீட்டிலிருந்தே பாடங்களைத் திருத்தும் வேலை. சம்பளமும் உண்டு, சிதம்பரமும் உண்டு, மகளும் மடியில் உண்டு. அந்த வேலைக்கு இரண்டு சுற்று தேறி, கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டேன். அன்று எனக்கிருந்த பரபரப்பில் தோசைக்கல்லில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீரை ஊற்றி, அது பொரிவதை ரசித்துக்கொண்டு நின்றேன்.

கடைசிச் சுற்றுக்கு அவர்கள் குறித்த நாள் வியாழக்கிழமை, காலை பதினொன்றரை. அதே வியாழக்கிழமை பத்தரைக்கு கடலூரில் என் நாத்தனார் வனிதாவுக்கு வளைகாப்பு.

"வேற நாள் கேளேன்," என்றார் செந்தில்.

கேட்டிருக்கலாம். கேட்டால் 'இவளுக்குக் குடும்பப் பொறுப்பு ஜாஸ்தி' என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். (வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்த பயம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.) வளையல் போட்டு முடிய பதினொன்றே கால், அரை மணி நேரம் தேர்வு, பன்னிரண்டரைக்குப் பந்தி. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது.

ஒரு நிபந்தனையை மட்டும் மாமியார் போட்டார். "சம்பந்தி வூட்ல நீ வேலை தேடுற விஷயம் மூச்சு வுடக் கூடாது. எம்புள்ள சம்பாதிக்கிறது பத்தலன்னு நெனப்பாங்க. வனிதாதான் அங்க வாழணும்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆக, நான் காப்பாற்ற வேண்டிய ரகசியம் ஒன்று. உண்மையில் இரண்டு. நானும் செந்திலும் கல்லூரியில் ஒரே வகுப்பு. தனியாக இருக்கும்போது அவரை 'டா' போட்டுத்தான் பேசுவேன். மாமியார் காதுக்கு மட்டும் 'என்னங்க, வாங்க, போங்க'. ஆறு வருடமாக ஒரு தடவைகூட நான் இதில் தவறியதில்லை.

ஏழு வகை சோற்றையும் வளையல் தட்டுகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு கடலூர் போனோம். அண்ணி என்ற முறையில் வனிதாவுக்கு வளையல் போட்டேன், கன்னத்தில் சந்தனம் பூசினேன். பதிலுக்கு அங்கிருந்த சித்திகளும் பெரியம்மாக்களும் என் இரண்டு கன்னத்திலும் தாராளமாக அப்பினார்கள். கைக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வேறு. பதினொன்றே காலுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு, லேப்டாப் பையோடு மொட்டை மாடி அறைக்கு ஏறினேன்.

அங்கே என் போனில் சிக்னல் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. செந்தில் போனில் மட்டும் நன்றாக எடுத்தது. அதன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தார். "நான் இங்கயே நிக்கிறேன், யாரும் வராமப் பாத்துக்கறேன். நீ பட்டையக் கெளப்பு," என்று வெளியே காவலுக்கு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு கணவன் யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். (அரை மணி நேரம் கழித்தும் இதையேதான் நினைத்தேன், வேறு குரலில்.)

பதினொன்றரைக்கு வரவேண்டியவர்கள் பதினொன்று ஐம்பத்தைந்துக்கு வந்தார்கள். திரையில் கண்ணாடி போட்ட ஒரு மேடம், அவர் பக்கத்தில் கேமராவை அணைத்து வைத்த ஒரு சார். என் முகமும் ஒரு மூலையில் தெரிந்தது. அப்போதுதான் பார்த்தேன், கன்னத்தில் சந்தனம் அப்படியே இருந்தது. காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது. சிரித்தால் உதிரும் என்பதால், அன்று முழுக்கச் சிரிப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

"வீட்டிலிருந்து வேலை பார்க்க உங்களுக்குத் தனி அறை இருக்கிறதா, அமைதியாக இருக்குமா?" என்று கேட்டார் மேடம்.

"ரொம்ப அமைதி மேடம்," என்று கையை அசைத்துச் சொன்னேன். இரண்டு டஜன் வளையலும் ஆமாம் என்றன.

அடுத்து அவர், "ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குப் பின்னம் என்றால் என்னவென்று மூன்று நிமிடத்தில் சொல்லிக் கொடுங்கள்," என்றார். எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. இதைத்தான் மூன்று நாளாக மகளின் பொம்மைகளுக்கு நடத்தி ஒத்திகை பார்த்திருந்தேன். உற்சாகமாக ஆரம்பித்தேன்.

அதே நேரம் கீழே என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்றரைக்கு ராகு காலம், அதற்கு முன் வனிதா எங்கள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று பந்தியை முன்கூட்டியே போட்டுவிட்டார்கள். அந்த வீட்டு வழக்கப்படி, பெண்ணின் அண்ணன்தான் முதல் பந்திக்குத் தன் கையால் பரிமாற வேண்டும். வனிதாவின் கணவர் மாடிப்படியில் ஏறி வந்து கூப்பிட்டார்.

"மச்சான், எல போட்டாச்சு. நீங்க வந்து பரிமாற ஆரம்பிச்சாதான் மத்தவங்க சோத்துல கை வெப்பாங்க. வாங்க."

செந்தில் கிளம்பினார். கிளம்பும்போது ஜன்னலில் இருந்த தன் போனை எடுத்துக்கொண்டார். ஏன் என்று இன்றுவரை அவரால் சொல்ல முடியவில்லை. எங்கே கிளம்பினாலும் போனை எடுப்பது கைக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

"பின்னம்னா சமமான பங்கு. ஒரு அப்பளத்த ஒடச்சா..." என்று நான் சொல்லும்போது மேடத்தின் முகம் கட்டம் கட்டமாக உறைந்தது. திரையில் வட்டம் சுற்றியது. ஜன்னலைப் பார்த்தேன், காலி. என் வேலை மாடிப்படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

திறந்த லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடினேன். கீழே சாமியானா போட்ட வாசலில் இரண்டு வரிசை இலை. செந்தில் புளியோதரை வாளியோடு வரிசையின் நடுவில் இருந்தார். நான் பக்கத்தில் போனதும் மேடத்துக்கு உயிர் வந்தது. "ஹலோ, கேட்கிறதா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் செந்தில் மளமளவென்று வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார். மேடம் மறுபடி உறைந்தார்.

அந்த நொடியில் என் ஆறு வருடப் பயிற்சி கைவிட்டது.

"செந்தில், நில்லுடா," என்று கத்திவிட்டேன்.

பந்தி முழுக்க அமைதியானது. யாரோ கடித்த அப்பளம் மட்டும் ஒரு தடவை சத்தம் போட்டது. தயிர் சாதத் தூக்கோடு நின்றிருந்த என் மாமியாரை நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை.

செந்திலின் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்று நான்கு வருடமாக எல்லோரும் கேட்கிறார்கள். சட்டைப் பையில் இருந்தால் எடுத்திருப்பேன். குனிந்தால் வாளிக்குள் விழுந்துவிடும் என்று அந்த மகான் போனை வேட்டிக்குள் போட்டிருந்த டவுசரின் பையில் வைத்திருந்தார். அவர் ஒரு கையில் புளியோதரை வாளி, மறு கையில் கரண்டி; முதல் பந்தி முடியாமல் வாளியைக் கீழே வைக்கக் கூடாதாம். அறுபது பேர் நடுவில் சம்பந்தி வீட்டில் நான் எப்படி எடுப்பது?

"நீ பாட்டுக்குப் போட்டுக்கிட்டே போ, நான் பின்னாடியே வரேன்," என்று முணுமுணுத்தேன். அப்படித்தான் போனோம். அவர் ஓர் இலை நகர்ந்தால் நானும் ஓர் இலை.

"தொடருங்கள்," என்றது லேப்டாப். அப்பளம், பொம்மை என்று நான் தயாரித்த எல்லாம் மறந்துவிட்டது. காதில் விழுந்தது பந்திதான்.

"அரைக் கரண்டி போதும்ப்பா," என்றார் ஒரு பெரியம்மா.

"எனக்குக் கால் கரண்டி. சர்க்கர இருக்கு," என்றார் பக்கத்து இலை சித்தி.

"பாத்தீங்களா," என்று நான் லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னேன். "ஒரே கரண்டிதான். இவங்க பாதி கேட்டாங்க, அவங்க பாதியில பாதி கேட்டாங்க. அந்தச் சித்திக்கு ரெண்டு தடவ போட்டாதான் இந்தப் பெரியம்மாவுக்குச் சமம். கீழ இருக்கிற நம்பர் பெருசானா சோறு கம்மி." பெரியம்மா தன் இலையையும் சித்தியின் இலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆமாம்," என்று சான்று கொடுத்தார்.

"ஏம்மா, யார்கிட்ட பேசுற?" என்றார் சம்பந்தியம்மா. வனிதாவின் மாமியார், கடலூரில் ஒரு பேச்சு தெரிந்தால் பண்ருட்டி வரை கொண்டு சேர்ப்பவர்.

பொய் சொல்ல எனக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை. "வேலைக்கு இன்டர்வியூ அத்த," என்றேன்.

அவர் எழுந்து, சோற்றுக் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, திரைக்கு நேராகக் குனிந்தார். "நல்ல பொண்ணும்மா. ஏழு சோத்துல புளியோதர இவ கிண்டுனதுதான். வேலையப் போட்டுக் குடுத்துடு."

அதுவரை ஒரு வார்த்தை பேசாத, கேமராவை அணைத்து வைத்திருந்த அந்த சார் சிரிக்கும் சத்தம் கேட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அமைதியான அறை என்றீர்களே," என்றார்.

"அது எங்க வீட்டுல மேடம். இது சம்பந்தி வீடு," என்றேன். சொல்லும்போது என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். கன்னத்துச் சந்தனம் மொத்தமும் கீபோர்டில் உதிர்ந்தது.

திரும்பும்போது வேனில் மாமியார் ஆலப்பாக்கம் வரை வாய் திறக்கவில்லை. ரகசியம் போச்சு, வேலையும் போச்சு, மாமியாரும் போச்சு என்று நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் கேட்டார்.

"அது என்னா, நில்லுடா?"

"தெரியாம வந்துடுச்சு அத்த."

"ஆறு வருஷமா ரூமுக்குள்ள அதான வருது. எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா?" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பக்கத்தில் வனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் டிரைவர் பயந்து வேனை ஓரம் கட்டினார்.

பத்து நாள் கழித்து மெயில் வந்தது. பாடம் திருத்தும் வேலைக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டார்களாம். படித்ததும் ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம்தான் இரண்டாவது பத்தியைப் பார்த்தேன். நேரலையில் வகுப்பு எடுக்க ஆள் வேண்டும், எந்த இரைச்சலிலும் பாடத்தை விடாமல் நடத்துபவராக இருக்க வேண்டும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். சென்னை சம்பளம் இல்லை, கடலூர் கல்லூரியைவிட அதிகம். சாயங்காலம் நான்கு மணி நேரம், சிதம்பரத்தில், என் வீட்டில். சத்தம் போட்டுக்கொண்டே கடைக்கு ஓடினேன். செந்தில் கையில் காயில் கம்பியோடு என்னைத் தூக்கிச் சுற்றினார். கம்பியும் கூடவே சுற்றிக்கொண்டது, பிரிக்கக் கால்மணி நேரம் ஆனது.

எங்கள் வீட்டு வைஃபைக்கு வனிதா வைத்த பெயர் 'செந்தில் நில்லுடா'. வீட்டுக்கு வரும் விருந்தாளி ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுக் கதை கேட்பார்கள். செந்தில்தான் முழுக் கதையும் சொல்வார், டவுசர் பை உட்பட.

போன மாதம் வனிதாவுக்கு ஆன்லைனில் ஓர் இன்டர்வியூ. மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள், சிக்னல் நன்றாக இருக்கும் என்று. அவள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது நான் கூடத்துக்குப் போனேன். ரவுட்டருக்குக் கீழே நாற்காலி போட்டு என் மாமியார் உட்கார்ந்திருந்தார். எழுந்து சாப்பிட வரச் சொன்னேன்.

"யாராச்சும் இத எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. எம்பொண்ணு முடிக்கட்டும்," என்றார். பிறகு, அடுப்படியிலிருந்து சாம்பார்க் கரண்டியோடு வெளியே வந்த தன் மகனைப் பார்த்து விரலை நீட்டினார்.

"செந்திலு, அங்கயே நில்லுடா."