சுழல் நாற்காலியில் ஓர் ஓவியர்

மார்ச் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை காலை, காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் மாடி அறிவிப்புப் பலகையில் அச்சடித்த கேலிப்படம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

படத்தில் ஒருவர் நாக்கைத் துருத்திக்கொண்டு எதிரே நிற்பவரை வரைகிறார். தாளில் வந்திருப்பது பூசணிக்காய். கீழே ஒரு வரி: ‘கொஞ்சம் அசையாம இருங்க, சாயல் வந்துடும்.’

தலைமை எழுத்தர் கிட்டப் போய்ப் பார்த்தார். உடன் வேலை பார்ப்பவர்களைக் கேலிச்சித்திரமாக வரைகிறவர் அங்கே அவர் ஒருவர்தான். ‘ஓவியர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மூக்கு அவருடையது. குனிந்து குனிந்தே வளைந்துபோன கழுத்தும் அவருடையதுதான். ஒரே கோட்டில் ஆளையே பிடித்துவிட்டான் பாவி. அவருக்கு வாய்க்காத சுழல் நாற்காலியில் அவரை உட்கார வைத்திருந்தானே, அந்த நையாண்டிதான் உச்சம். வந்த கோபம் வழியிலேயே நின்றுவிட, கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் வருமுன் அதைக் கிழித்துப் பைக்குள் வைத்தார். மதியத்துக்குள் அதே படத்தின் பிரதிகள் மாடிக்கு ஒன்றாக முளைத்தன.

“யாருங்க இது?” காசாளர் அம்மா படத்தின் முன் யோசித்து நின்றார்.

பெருந்தன்மை காட்டினால் பேச்சு அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார் ஓவியர். “நான்தாம்மா. தெரியலையா?”

“அட, ஆமா, அந்த மூக்கு. எல்லாரும் இங்க வாங்க, இது நம்ம ஓவியராம்.”

அரைமணி நேரத்தில் வாசல் காவலாளிவரை செய்தி போயிற்று. சொந்தச் செலவில் சூனியம்.

வீட்டில் மனைவி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நம்ம கல்யாண ஃபோட்டோவுலகூட நீங்க இவ்வளவு தத்ரூபமா இல்லைங்க.”

மறுநாள் ஓவியர் படத்தின் கீழே ஒரு தாளை ஒட்டினார்: ‘வரைந்தவர் காலில் விழத் தயார். அவர் சொல்லித் தராவிட்டால் இனி நான் பென்சிலைத் தொடமாட்டேன்.’

மாலையில் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். சிரித்து யாரும் பார்த்திராத மனிதர். கதவைச் சாத்தச் சொன்னார். வேலை போயிற்று என்றே ஓவியர் நினைத்தார்.

“எழுதி ஒட்டினது நீங்களா?”

“ஆமா சார். மன்னிச்சிடுங்க. ஆனா அது சாதாரணக் கை இல்ல சார்.”

மேலாளர் இழுப்பறையைத் திறந்து, மை காய்ந்த தூரிகை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஓவியர் காலில் விழக் குனிந்தேவிட்டார்.

“அட, எழுந்திருங்க.” மேலாளர் தன் சுழல் நாற்காலியில் சாய்ந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. “என்னையே கிண்டல் பண்ணிக்கிட்டு என்னைத்தான் வரைஞ்சேன். மாடிக்கு மாடி ஒட்டியும் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல. சாயல் எப்படிக் கொண்டுவர்றதுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும்.”