மாடிப்படியேறிப் போனவள்

மனிதகுலம் இதுவரை எழுப்பிய கேள்விகளிலேயே ஆழமானது ஒன்றுதான்: விளக்கோடு மாடிப்படியேறிப் போனவள் ஏன் திரும்பி வரவில்லை?

இதை எழுப்பிய மனிதகுலம் மொத்தம் பதினோரு பேர். பல் ஆஸ்பத்திரிக்கு மேலே உள்ள ஹாலில், மாதம் ஒருமுறை மடக்கு நாற்காலி போட்டு எழுப்புவார்கள்.

அது ஒரு பழைய துப்பறியும் தொடர். டிவி கறுப்பு வெள்ளையாக இருந்த காலத்தது. துப்பறிவாளரின் தொப்பி முதல் தும்மல் வரை ரசிகர் மன்றம் பேசித் தீர்த்துவிட்டது. மிஞ்சியது, ஒரே ஒரு வாரம் வந்துபோன அந்தப் பெண்தான். கையில் விளக்கோடு படியில் நிற்பாள். துப்பறிவாளரை ஒரு பார்வை பார்ப்பாள். வாயே திறக்காமல் மேலே போய்விடுவாள். அடுத்த வாரம் அவள் இல்லை. நடித்தவர்கள் பெயர் ஓடும்போது அதிலும் இல்லை.

அவள் துப்பறிவாளரின் ரகசியக் காதலி, அவர் பெயர் கெடக்கூடாது என்று விலகிப்போனவள் என்றது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் கட்சி. இல்லை, அவளை மாடியில் தீர்த்துக்கட்டிவிட்டார்கள், துப்பறிவாளர் கோட்டைவிட்ட ஒரே கொலை அதுதான் என்றது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டின் கட்சி. இரண்டு கட்சிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. டீ பிளாஸ்க் மட்டும் பொது.

மன்றத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது; கட்சிக்கு ஒருவராக இவர்கள் இருவரும் நின்றார்கள். கடைக்காரருக்கு வீட்டில் ரிமோட்கூடக் கைக்கு வராது. "தலைவரே" என்று யாராவது நாலு பேர் கூப்பிட்டால் அவர் ஜென்மம் சாபல்யம் அடைந்துவிடும். அந்த ஆசையில், போன கூட்டத்தில் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"அந்தம்மாவை எனக்கு நேர்லயே தெரியும். நம்ம கடையிலதான் கண்ணாடி போடறாங்க."

ஏஜென்ட் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்படியா? கூட்டிட்டு வாங்களேன். வந்துட்டாங்கன்னா நான் போட்டியில இருந்து விலகிக்கறேன். வரலேன்னா நீங்க மன்றத்துல இருந்தே விலகிக்குங்க."

கடைக்காரர் மறுநாள் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"அத்தை, ஒரு சின்ன உதவி."

மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "நீங்க சின்னதுன்னு ஆரம்பிச்சாலே எனக்கு பயமா இருக்கு மாப்பிள்ளை."

விஷயத்தைச் சொன்னார். கத்தி நின்றது.

"எனக்கு நடிப்பெல்லாம் வராதே."

"நடிக்கவே வேண்டாம் அத்தை. சும்மா நின்னு ஒரு பார்வை பார்க்கணும். அவ்வளவுதான்."

"அதுதான் கஷ்டம்," என்றார் மாமியார்.

மாமனார் பேப்பரை இறக்காமலே சொன்னார். "போயிட்டு வாயேன். உனக்கும் ஒரு மாறுதல்."

ஒரு வாரம் ஒத்திகை. டார்ச் லைட்டைக் கையில் கொடுத்து மாமியாரைப் படியில் நிறுத்தினார்.

"கண்ணுல ஏக்கம் வரணும் அத்தை."

"இது போதுமா?"

"இது கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோன பார்வை. இது வேண்டாம்."

கூட்டத்தன்று மாமியார் ஹாலுக்குள் நுழைந்ததும் ஒரே கைதட்டல். காதல் கட்சியைச் சேர்ந்த டைப்பிஸ்ட் அம்மா அழுதேவிட்டார். முதல் கேள்வியும் அவருடையதுதான்.

"ஏம்மா நீங்க திரும்பி வரவே இல்ல?"

'சில பார்வைகளுக்கு மறுபார்வை கிடையாது' என்று கடைக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"யாரும் கூப்பிடலைம்மா."

கடைக்காரர் துள்ளி எழுந்தார். "அதாவது, அவர் மனசு இவங்களைக் கூப்பிடலைங்கறாங்க!"

"இல்ல மாப்..." என்று தொடங்கிய மாமியார் திருத்திக்கொண்டார். "இல்லப்பா. எங்க வீட்ல அப்ப போன் கிடையாது. பக்கத்து வீட்டு போனுக்கும் வரல."

"அந்தக் கண்ணுல அவ்வளவு சோகம் இருந்துச்சே?" என்றார் டைப்பிஸ்ட் அம்மா, விடாமல்.

"விளக்குப் புகை."

"அவர் மேல உங்களுக்குக் காதல் இல்லையா?"

"யார் மேல? அவர் அன்னிக்கு வரவே இல்ல. என்னைத் தனியா எடுத்து ஒட்டிட்டாங்க. நான் பார்த்தது ஒரு தூணை."

சொல்லிக்கொடுக்காததையெல்லாம் அத்தை எதற்கு இட்டுக்கட்டுகிறார் என்று கடைக்காரருக்கு வேர்த்துக்கொட்டியது. "தூண்ங்கறது ஒரு குறியீடு..." என்று ஆரம்பித்தார். டைப்பிஸ்ட் அம்மா கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தார்.

"இத்தனை வருஷம் நான் ஒரு தூணுக்காகவா அழுதேன்?"

இதற்காகவே காத்திருந்த ஏஜென்ட் எழுந்தார். "பேச்சு எதுக்கு? அம்மா ஒருதடவை நடிச்சுக் காட்டட்டும்." பையிலிருந்து ஒரு பழைய விளக்கையே எடுத்தார். ஆள் தயாராகத்தான் வந்திருந்தார்.

மாமியார் மேடைப் படியில் ஏறி நின்றார். விளக்கைத் தூக்கினார். கூட்டத்தைப் பார்த்தார். திரும்பினார்.

"ம்ஹூம்," என்றார் ஏஜென்ட். "அவங்க திரும்பினா கழுத்துல ஒரு அலை ஓடும். இது சுளுக்கு."

"கண்ணும் இது இல்ல," என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "அந்தக் கண்ணை நான் கனவுல பார்த்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

"நிக்கற நிலையே தப்பு," என்றது பின்வரிசை.

மன்ற வரலாற்றில் முதல்முறையாக இரண்டு கட்சியும் ஒரே குரலில் பேசின. போலி!

இனி உண்மையைச் சொன்னாலாவது தப்பிக்கலாம் என்று கடைக்காரருக்குத் தோன்றியது. இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சிடுங்க. இவங்க என் மாமியார். ஜென்மத்துல நடிச்சதே இல்ல. நடிப்புன்னா என்னன்னே இவங்களுக்குத் தெரியாது."

மாமியார் விளக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

ஏஜென்ட் போட்டியின்றித் தலைவரானார். கடைக்காரரை நீக்கும் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினால் தானும் தூக்கும் பழக்கத்தில், கடைக்காரரும் தூக்கிவிட்டார்.

பஸ்ஸில் மாமியாருக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. கடைக்காரர் நாலைந்து தடவை "ஸாரி அத்தை" என்றார். மாமியார் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மாமனார் பேப்பரை இறக்கினார். "என்ன, ஆளையே காணோமேன்னு பார்த்தேன். எப்படிப் போச்சு?"

"நடிப்பு வரலைன்னுட்டாங்க," என்றார் மாமியார்.

மாமனார் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்.

"விடு. விளக்கைக் கையில குடுத்து உன்னைப் படியேத்தினானே அந்தத் தொடரோட டைரக்டர், அவனும் மறுநாளே 'இந்தப் பொண்ணுக்கு நடிப்பு வரல, இனிமே கூப்பிடாதீங்க'ன்னுதானே சொன்னான்."