மாசி மகத்தன்று நீங்கள் போனில் கேட்ட சத்தங்கள் குறித்து

பொன்விளைந்த களத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

கடப்பாக்கம் உயர்திரு முனிசாமி அவர்கள் சமூகத்துக்கு, களத்தூர் ரவிச்சந்திரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மனைவி துர்காதேவியும் மகன் கார்த்தியும் சுகம். போன் மட்டும் சுகமில்லை. மஞ்சள் தண்ணீர் குடித்துவிட்டு அரிசிப் பானைக்குள் படுத்திருக்கிறது. அதனால்தான் இந்தக் காலத்திலும் ஒருவன் பேனாவைத் தேடி எடுக்கும்படி ஆயிற்று. அவ்விடம் தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் குழந்தை திவ்யாவும் சுகமாயிருக்க எங்கள் எல்லையம்மனை வேண்டுகிறேன். 'சம்பந்தி' என்று தொடங்கத்தான் கை போயிற்று. தாங்கள் கோபமாக இருப்பதாகத் தரகர் சின்னராசு சொன்னதால் 'உயர்திரு'வோடு நிறுத்திக்கொண்டேன். படித்து முடித்த பிறகு எது பொருந்துமோ அதைத் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

மாசி மகத்தன்று பொழுது சாய்வதற்குள் தாங்களே போன் செய்வதாகவும், அப்போது நான் கடைசி முடிவைச் சொல்லிவிட வேண்டும் என்றும் பேச்சு. இல்லையென்றால் மதுராந்தகத்து வரனுக்கு வார்த்தை கொடுத்துவிடுவேன் என்றீர்கள். முடிவு எதைப் பற்றி என்பது நமக்குத் தெரியும். திவ்யாவுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போகட்டும், அதற்கு வசதியாகப் பிள்ளைகள் கேளம்பாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொள்ளட்டும் என்றீர்கள். நான் மருமகள் களத்தூரில் என் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். என் பங்காளிகள் எல்லாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மீசையைத் தடவியபடி சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்ன பேச்சிலிருந்து ஒரு மனுஷன் எந்த முகத்தோடு இறங்கி வருவான்? கார்த்தி அன்றிலிருந்து என்னோடு பேசுவதெல்லாம் எங்கள் வாடகை வேனுக்குப் போடும் டீசலைப் பற்றி மட்டும்தான். போட்டாயா என்றால் போட்டேன் என்பான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அவன் முன்பு திவ்யாவின் ஆபீசுக்கு வண்டி ஓட்டியவன், பெண்ணை அவன்தான் முதலில் பார்த்தான் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

இனி போன் விஷயத்துக்கு வருகிறேன். என் வேனில் இருக்கும் பாட்டு செட்டைத் தாங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். இந்தப் பக்கத்தில் வேன் பிடிக்க வருகிறவர்கள் டயரைப் பார்ப்பதில்லை, பிரேக்கைப் பார்ப்பதில்லை, ஸ்பீக்கர் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே நானும் பெரியதாகவே வைத்தேன். பாட்டு ஓடும்போது போன் அடித்தால் எனக்குக் கேட்காது என்பது முதல் சவாரியிலேயே தெரிந்துவிட்டது. சரி, அதிர்வில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். எங்கள் பக்கத்து ரோட்டில் அது நடக்கிற காரியமா? ஒவ்வொரு பள்ளத்துக்கும் நெஞ்சில் போன் வந்தது. ஓரங்கட்டி எடுத்துப் பார்த்தால் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நிஜமாகவே தாங்கள் கூப்பிட்டபோது பள்ளம் என்று நினைத்து விட்டுவிட்டேன். தை மாதம் ஒரு நாள் முழுக்கத் தாங்கள் அடித்து அடித்து ஓய்ந்தது அப்படித்தான். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி வைத்தேன், வெயிலில் திரை தெரியவில்லை. தொடை மேல் வைத்தேன், கூவத்தூர் வளைவில் அது நழுவிப் பிரேக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று வேனில் இருந்த நிச்சயதார்த்தக் கூட்டம் உயிர் பிழைத்தது அவர்கள் செய்த புண்ணியம். போனைப் பாட்டு செட்டோடு இணைத்துவிட்டால் பாட்டு நின்று ஸ்பீக்கரிலேயே பேச்சு வரும் என்று கார்த்தி சொன்னான். நம் சம்பந்தப் பேச்சை ஊரே கேட்பதா? வேண்டாம் என்றுவிட்டேன்.

இந்த நிலைமையில் மாசி மகம் வந்தது. எங்கள் ஊர் அம்மனைக் கடலில் தீர்த்தமாட்ட மாமல்லபுரத்துக்கு எடுத்துப் போவது வழக்கம். அம்மன் டிராக்டரில் முன்னால் போவாள், ஆண்பிள்ளைகள் அதோடு போவார்கள். பெண்கள் எல்லாரும் பின்னால் என் வேனில். அம்மனுக்குப் பின்னால் வருகிற வேனில் பம்பையும் உடுக்கையும் அதிரப் பாட்டு ஓடாவிட்டால் அது இழவு வண்டி மாதிரி இருக்கும் என்பது என் அக்கா சம்பூர்ணத்தின் கட்சி. ஆகவே பாட்டைக் குறைக்க வழியில்லை. வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுக்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது. தாங்கள் கூப்பிடுவதோ அன்றைக்கு. யோசித்துப் பார்த்து, போனை அதிர்வில் போட்டுத் துர்காதேவியிடம் கொடுத்து இடுப்பில் இறுக்கமாகச் செருகிக்கொள்ளச் சொன்னேன். எனக்கு நேர் பின்னால் உட்கார வைத்தேன். போன் துடித்தால் என் தோளில் தட்ட வேண்டியது, நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேச வேண்டியது. இதைவிடப் பொறுப்பாக ஒருவன் என்ன ஏற்பாடு செய்ய முடியும் என்று தாங்களே சொல்லுங்கள்.

திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். பாட்டு உச்சத்தில் இருந்தது. பின்னால் ஒரு துள்ளல். கண்ணாடியில் பார்த்தால் துர்காதேவி உட்கார்ந்த இடத்தில் தூக்கிப் போட்டாற்போலத் துள்ளுகிறாள், தோளை முறுக்குகிறாள், பல்லைக் கடிக்கிறாள். எங்கள் ஊரில் யாருக்குச் சாமி வந்தாலும் எதிரில் நின்று கேள்வி கேட்கும் உரிமை என் அக்காவுடையது. அவள் வேப்பிலைக் கொத்தோடு எழுந்துவிட்டாள்.

"வந்துட்டாடா ரவி. ஆத்தா வந்துட்டா. வண்டிய ஓரங்கட்டு" என்றாள்.

புளியமரத்தடியில் நிறுத்தினேன். பெண்கள் குலவை போட்டார்கள். துர்காதேவியை இறக்கி நிறுத்தினார்கள். கொஞ்சம் அடங்கினாற்போல இருந்தது, மறுபடியும் துள்ளினாள். இடுப்பில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அந்த அழுத்தத்தில்தான் தங்கள் போன் எடுபட்டிருக்க வேண்டும் என்று இப்போது ஊகிக்கிறேன். ஆகவே தாங்கள் அதற்குப் பிறகு கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக விளக்கிவிடுகிறேன்.

தாங்கள் "அண்ணே, நான் முனிசாமி பேசறேன்" என்று சொன்னதற்கு, "மொதல்ல நிறுத்துடா, காது கிழியுது" என்று பதில் வந்ததாகச் சின்னராசு சொன்னார். அது தங்களுக்குச் சொன்னதல்ல. அம்மன் என்னைப் பார்த்துப் பாட்டை நிறுத்தச் சொன்னாள். நான் ஓடிப்போய் நிறுத்தினேன். அந்த வேனில் ஆள் இருக்கும்போது பாட்டு நின்றது அதுதான் முதல் தடவை. அடுத்து என் அக்கா, "இன்னா கொற தாயே? இன்னா வேணுமோ கேளு, செய்றோம்" என்றாள். அதற்குத்தான், "டேய் ரவி, இங்க வாடா" என்று குரல் வந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் மனைவியின் வாயிலிருந்து என் பெயர் அன்றுதான் வெளியே வந்தது, அதுவும் 'டேய்' என்ற அடைமொழியோடு. நான் போய்க் கைகட்டி நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

"புள்ள சோறு துன்னாம சுத்திகினு கீது. உன்க்கு வீம்பு பெருசா போச்சா?" என்றாள்.

"அந்தப் பொண்ணு வேலைக்கிப் போவும். கேளம்பாக்கத்துல கோயிலுக்குப் பின்னால ஒரு வூடு கீது. மாடிப்படி வெளியால கீது, கெணத்துத் தண்ணி இனிக்குது. அதப் பாரு. ஒத்துக்கிறியா இல்லியா?"

இந்த "ஒத்துக்கிறியா இல்லியா" என்ற இடத்தில்தான் தாங்கள் மனம் புண்பட்டதாக அறிகிறேன். முகம் தெரியாத ஒரு பெண்பிள்ளை போனில் மிரட்டினால் யாருக்கும் புண்படும். ஆனால் அது நான் ஒத்துக்கொள்ள வேண்டியது, தாங்கள் அல்ல. "ஒத்துக்கறேன் தாயே" என்று கம்மிய குரலில் தாங்கள் கேட்டது என் குரல்தான். தொடர்ந்து குபுக்கென்று கேட்டது, அம்மனைக் குளிர வைக்க என் அக்கா குடத்தோடு ஊற்றிய மஞ்சள் தண்ணீர். அதோடு போனும் அடங்கிற்று, அம்மனும் அடங்கினாள். மாமல்லபுரத்தில் அம்மன் கடலில் இறங்கியபோது நானும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பங்காளிகள் எல்லாரும் பார்க்கக் கற்பூரம் ஏற்றி அந்த வாக்கை உறுதிசெய்தேன். மூத்த பங்காளி கிருபாகரன், நான் மீசையைத் தடவியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "ஆத்தா சொன்னப்பறம் நாம இன்னா சொல்றதுக்கு கீது, வூட்டப் பாரு" என்று அவரே சொல்லிவிட்டார்.

சின்னராசு முதலில் சிரித்தார். "போன் துடிச்சதுக்குப் போயி சாமின்றீங்களே அண்ணாத்த" என்றார். நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். போன் துடிக்கலாம், கேளம்பாக்கத்தில் கோயிலுக்குப் பின்னால் வீடு காலியாக இருப்பது போனுக்குத் தெரியுமா? துர்காதேவி கேளம்பாக்கத்தில் காலை வைத்தவள் இல்லை. நானே நேரில் போய்ப் பார்த்தேன். கோயில் இருக்கிறது, பின்னால் வீடு இருக்கிறது, மாடிப்படி வெளியில் இருக்கிறது, தண்ணீர் கற்கண்டு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சின்னராசுவும் வாயை மூடிக்கொண்டார்.

உள்ளதைச் சொல்கிறேன். புளியமரத்தடியில் "ஒத்துக்கறேன்" என்ற சொல் வாயை விட்டு வந்தவுடன், மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தாற்போல இருந்தது. தங்கள் பெண்ணை இழக்க எனக்கு என்றைக்கும் மனமில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, கேட்காமலே என் பாட்டு செட்டில் கரகரப்பை எந்தத் திருகில் குறைப்பது என்று காட்டிக் கொடுத்தவள். பேசிவிட்ட பேச்சிலிருந்து இறங்கத்தான் படி தெரியாமல் நின்றேன். கடலிலிருந்து திரும்பிய அன்று கார்த்தி என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான், இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினான். நேற்று சின்னராசு வந்து, தாங்கள் மதுராந்தகத்துக்கு இன்னும் வார்த்தை கொடுக்கவில்லை, கோபம் மட்டும்தான் பாக்கி என்று சொன்னபோது எனக்கு உயிர் திரும்பி வந்தது.

ஆகவே அந்தக் கோபத்தையும் விட்டுவிட்டு, நல்ல நாள் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன். நிச்சயதார்த்தத்துக்குக் கடப்பாக்கம் வரும்போது வேனில் பாட்டு இருக்காது. இருந்தாலும் மெல்ல இருக்கும். குழந்தை திவ்யாவுக்கு என் ஆசீர்வாதம். தங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் எங்கள் எல்லாரின் வணக்கம். என் அக்கா சம்பூர்ணம் தனியாக விசாரித்ததாக எழுதச் சொன்னாள், அவள் குரலைத் தாங்கள் போனில் ஏற்கனவே கேட்டிருக்கிறீர்கள்.

தங்கள் பதிலில் என் பெயருக்கு முன்னால் 'சம்பந்தி' என்ற சொல்லை எதிர்பார்க்கும்,
ரவிச்சந்திரன்.

பி.கு: திவ்யாவின் அம்மாவுக்குத் துர்காதேவி எழுதுவது. கடிதத்தை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு அவர் கோவளத்துக்குச் சவாரி போயிருக்கிறார். கீழே இடம் காலியாக இருக்கிறது, வீணாக்குவானேன் என்று எழுதுகிறேன். அன்று துடித்தது போன்தான். எனக்கு இடுப்பில் எது பட்டாலும் கூசும், துள்ளிவிட்டேன். இவர் தோளைத் தட்டுவதற்குள் அண்ணி வேப்பிலையோடு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். போன் அண்ணி, போன் என்று சொல்லத்தான் புளியமரத்தடியில் வாயைத் திறந்தேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, அதனால் முதலில் பாட்டை நிறுத்தச் சொன்னேன். இவர் ஓடினார். நான் சொல்லி இவர் ஓடியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்ன வேண்டும் கேள் என்று அண்ணி வேறு கேட்டார்கள். சரி, கிடைத்ததை ஏன் விட வேண்டும் என்று, மூன்று மாதமாகச் சமையலறையிலிருந்து சொன்னதையே அங்கே நின்று சொன்னேன். 'டேய்' மட்டும் தானாக வந்தது.

அந்த வீட்டைப் பொங்கல் கழிந்த வாரமே நானும் கார்த்தியும் போய்ப் பார்த்துவிட்டோம். கண் டாக்டரிடம் போவதாக இவரிடம் சொல்லியிருந்தேன். திவ்யாவும் வந்திருந்தாள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றது அவள்தான். உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டாள், திட்டாதீர்கள். போன் மறுநாளே உயிர் பிடித்துவிட்டது. இவர் உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வேறு ஏதாவது பேசிக் கெடுத்துவிடப் போகிறாரே என்று நான்தான் அரிசிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பகலில் இவர் வண்டியில் இருப்பார், அப்போது கூப்பிடுங்கள். பானைக்குள் கையை விட்டு நானே எடுக்கிறேன்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. போனை அதிர்வில் போட்டுக் கொடுத்து, துடித்தால் சொல் என்று செருகச் சொன்னவரே இவர்தான். கண்ணை மூடிக் கும்பிட்டதாக மேலே எழுதியிருக்கிறார். மூடவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள், இவர் மட்டும் என் இடுப்பைப் பார்த்தபடியே கும்பிட்டார். நான் அதைப் பற்றி இவரிடம் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை.