கறிவேப்பிலைக்கு நூறு விழுக்காடு

வருமுன் காப்பது சிங்கப்பூரின் வழக்கம். வரவே வராததற்கும் முன்னால் காப்பது, தஞ்சோங் பகாரில் ஒரு கட்டடத்தின் உச்சி மாடியில் இயங்கிவந்த உறைநில முன்னேற்பாட்டுப் பிரிவின் வழக்கம். என்றாவது இந்தத் தீவில் பனி விழுந்து மண் உறைந்துபோனால் என்ன செய்வது என்று யோசிக்க ஒரு பிரிவு வேண்டாமா? வேண்டும் என்று யாரோ ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். மதிய உணவு வந்துவிட்டதால் யாரும் மறுக்கவில்லை.

அதற்காகவே சரத்தை வரவழைத்தார்கள். திருச்சிக்காரர், கனடாவில் படித்தவர். எவ்வளவு கடுங்குளிரிலும் மண்ணிலுள்ள நீர் முழுதும் உறைந்துவிடாது. கொஞ்சம் நீர் மண்துகளை இறுகப் பற்றிக்கொண்டு, உறைய மாட்டேன் என்று கிடக்கும். அது எவ்வளவு என்று கணிக்க ஒரு கணினிக் கணிப்புமுறை உருவாக்கிப் பட்டம் வாங்கியவர் அவர். இங்கே இரண்டு வருட ஒப்பந்தம். அதை நீட்டித்தால்தான் குடும்பத்தோடு தொடர்ந்து இருக்க அனுமதி. மனைவி இனியாவுக்கு ஊர் பிடித்துவிட்டது, மகளுக்குப் பள்ளி பிடித்துவிட்டது. காரியம் முடிந்ததும் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் மட்டும் சரத்தை விட்டுப் போகவில்லை.

முதல் வருடம் தீவு முழுக்க மண் எடுத்துக் கணக்குப் போட்டார். ஜூரோங்கில் உறையாத நீர் நூறு விழுக்காடு. காத்தோங்கிலும் நூறு. இந்த வெக்கையில் வேறென்ன வரும் என்று அவர் கூச்சத்தோடு சொன்னதை, இயக்குநர் உமாமகேஸ்வரி காதிலேயே வாங்கவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கிய பிரிவு அந்தக் கட்டடத்தில் வேறு எது? கேக் வெட்டினார்கள்.

இரண்டாம் வருடம்தான் சனி பிடித்தது. ஒவ்வொரு பிரிவும் போன வருடத்தைவிட ஐந்து விழுக்காடு முன்னேறியாக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

“சரத், இந்த வருஷம் நூத்தஞ்சு காட்டணும்லா.”

“நூறுக்கு மேல போகாது மேடம். இருக்கிற தண்ணியே அவ்வளவுதான்.”

“அப்ப போன வருஷமே குறைச்சுக் காட்டியிருக்கணும். முன்னேற்றம் இல்லன்னா உங்க ரினியூவலுக்கு நான் என்னன்னு எழுதுறது?”

வீடு திரும்பும் ரயிலில் சரத்துக்கு யோசனை உதித்தது. மேலே ஏற வழியில்லை என்றால், முதலில் கீழே இறங்கிவிட்டுப் பிறகு ஏறலாம். ஜூரோங்கில் மீன் வைக்கும் குளிர்கிடங்கில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்து, மண்ணை உறைய வைத்தார்கள். உறையாத நீர் பத்துக்கும் கீழே விழுந்தது. வெளியே எடுத்து வெயிலில் வைத்ததும் நூறுக்கு ஏறியது. ‘பிரிவின் இடையறாத முயற்சியால் தீவின் மண் உறைநிலையிலிருந்து வெற்றிகரமாக மீட்கப்பட்டது’ என்று அறிக்கை வெளியானது. வெயிலுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

மீட்கப்பட்டது என்றால், இத்தனை நாள் உறைந்தல்லவா கிடந்திருக்கிறது? ஊர் பதறியது. வீட்டுத் தொட்டிகளையும் சோதித்து ‘நூறு விழுக்காடு உறையாத மண்’ என்று ஸ்டிக்கர் ஒட்டித் தர, பிரிவு தேக்கா சந்தையில் ஒரு சேவை முகப்பைத் திறந்தது. துளசியும் மல்லிகையும் கையுமாக வரிசை தெருமுனை தாண்டியது. வரிசை எதற்கு என்று கேட்டுவிட்டு நிற்பவனுக்கு இந்த ஊரில் எதுவும் கிடைக்காது. நின்றுவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

“அடுத்த வீட்டு ஃபஸீலா அக்காவோட பாண்டான் செடித் தொட்டிக்குக்கூட ஸ்டிக்கர் வந்துடுச்சு” என்றாள் இனியா. “அந்த ஆபீஸ்லயே வேலை செய்றீங்க, நம்ம கறிவேப்பிலைக்கு இல்லன்னா எப்படி?”

இந்த ஊர் மண் உறையவே உறையாது, எல்லாம் தான் கட்டிய கதை என்று சரத் உண்மையைப் போட்டு உடைத்தார்.

“அது எனக்குத் தெரியாதா? காரிடார்ல நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

சரத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். குளிர்கிடங்குக்கு அனுப்பாமல் அப்படியே ஸ்டிக்கர் ஒட்டித் தரும்படி முகப்பிலிருந்த சேவியரிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தார்.

“உறையாத மண்ணை எப்படி சார் மீட்கிறது? முதல்ல உறையணும். ரூல் நீங்க எழுதினதுதானே” என்றார் சேவியர், மரியாதையாக.

தொட்டி திரும்பி வந்தபோது ஸ்டிக்கர் பளபளத்தது. செடி கருகித் தொங்கியது. தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த மகள் அதன்முன் உட்கார்ந்து அழுதாள். சரத் யாரைத் திட்டுவது? காரிடார் முழுக்கச் செத்த செடிகளும் புது ஸ்டிக்கர்களுமாக இருந்தன. பக்கத்து வீட்டார் வந்து ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அதே வாரம் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. புதுப் பொறுப்பு: மீட்கப்பட்ட மண்ணுடன் செடிகள் ஒத்துழைக்க மறுப்பது ஏன் என்று ஆராய்வது. சரத் கையெழுத்துப் போட்டார். இந்த முறை எடுத்துப் போடப்பட்டது கறிவேப்பிலை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், சாகுல் ஹமீது கடையில், பச்சைப் பசேலென்று ஒரு கட்டு கறிவேப்பிலையை இனியா எடுத்து முகர்ந்தாள். எங்கே விளைந்தது என்று கேட்டாள்.

“மலேசியாவுல ஜொகூர்ல இருந்து வருதும்மா. அங்க மண்ணை டெஸ்ட் பண்றதில்ல, அதான் இப்படிப் பச்சையா இருக்கு. ஸ்டிக்கர் போட்டது அந்தப் பக்கம். கொஞ்சம் கருத்திருக்கும், விலை டபுள்.”

இனியா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஃபஸீலா அக்கா அந்தப் பக்க வரிசையில் நின்று கையசைத்தார். இனியா பச்சைக் கட்டை இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தாள்.

சரத் போய் வரிசையின் கடைசியில் நின்றார்.