ஜார்ஜெட் கண்களை மூடிய விவகாரம்

ரமத் கான்,
பஸ்கா முடிந்த மறுநாள்.

லண்டன் மழைக்கும் மூட்டுவலிக்கும் நடுவே சௌக்கியமாக இருக்கும் என் மூத்த சகோதரி நயீமா அவர்களுக்கு, தம்பி ஹெஸ்கேல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜார்ஜெட்டும் நலம். மேயிர் அத்தானுக்கு இரத்த அழுத்தம் இறங்கியதா? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் வாழ்த்து அட்டை வந்து சேர்ந்தது. அதில், "இந்த வருஷமும் ஹலேக் உன் கையால்தானே?" என்று கேட்டிருந்தீர்கள். அக்கா, அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துவிடுங்கள். அத்தானிடம் காட்ட வேண்டாம், அவர் சிரிப்பார்.

உங்களுக்குத் தெரியாததில்லை. எனக்கு ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாது. ஆனால் நாற்பத்தோரு வருஷமாக இந்த வீட்டில் பஸ்காவுக்கு ஹலேக் செய்வது நான்தான். பேரீச்சம்பழத்தை ஊறவைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, பாகு கறுத்துச் சுருளும்வரை காய்ச்சி, மேலே அக்ரூட்டைத் தூவி நான் மேசையில் வைத்தால், ஜார்ஜெட் ஒரு வாய் தின்றுவிட்டு, "நல்லாருக்குங்க" என்பாள். வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கும் அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. போன வருஷம்வரை. போன வருஷம் எங்கள் மேல்மாடிக்கு விக்டர் பெஹார் என்று ஒருவர் குடிவந்தார். இஸ்மிர் ஊர்க்காரர், ஓய்வுபெற்ற இசை ஆசிரியர், மனைவியை இழந்தவர். எழுபது வயதில் தலையில் ஒரு முடி உதிரவில்லை, அதையும் எண்ணெய் தடவிப் படிய வாரியிருப்பார். பஸ்காவுக்கு முந்தின நாள் அவர் கதவைத் தட்டி, "உங்க ஹலேக்கைத்தான் எங்க ஊர்ல ஹரோசெத்னு வேற மாதிரி செய்வோம் அம்மா, ருசி பாருங்க" என்று ஜார்ஜெட் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆப்பிள், பேரீச்சை, திராட்சை, பாதாம், ஆரஞ்சுத் தோல், இன்னும் என்னென்னவோ. அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். வைத்ததும், அக்கா, கண்களை மூடினாள். மூன்று விநாடி. நான் முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவன், மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். "எப்படி இருக்கு?" என்றேன். "ம்... பரவாயில்லைங்க" என்றாள், வேறு யாருடைய குரலிலோ.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாடிப்படியில் அவர் "காலை வணக்கம்" என்றால் அதிலும் ஏதோ இருப்பதாகப் பட்டது. அவர் வீட்டு ஜன்னலிலிருந்து கிளாரினெட் சத்தம் கேட்டால் ஜார்ஜெட் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துக் கேட்பாள். நான் ஷேவ் பண்ணும்போது பாடினால் கதவைச் சாத்துவாள். எனவே இந்த வருஷம், பஸ்காவுக்கு நான்கு நாள் முன்பு, உலகம் இதுவரை கண்டிராத ஒரு ஹலேக்கைச் செய்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். சந்தையில் மூன்று கிலோ பேரீச்சை வாங்கினேன். ஜார்ஜெட் துணிமணி வாங்கப் போன நேரம் பார்த்து ஊறவைத்ததைப் பிழிய உட்கார்ந்தால் வடிகட்டும் துணியைக் காணோம். பண்டிகைச் சுத்தத்தில் எங்கேயோ போட்டிருக்கிறாள். அலமாரியில் கைக்கு வந்த ஒரு தலையணை உறையை எடுத்தேன். மூலையில் பூ வேலை இருந்ததை நான் கவனிக்கவில்லை. அது அவள் கல்யாணச் சீரில் கொண்டுவந்த உறை, பாக்தாதிலிருந்து பெட்டியில் வந்தது என்பதெல்லாம் பிறகு எனக்கு மிக விரிவாகச் சொல்லப்பட்டது. பால்கனியில் உட்கார்ந்து, மேல்மாடியை நினைத்துக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்கினேன் பாருங்கள், உறை நட்டநடுவில் கிழிந்தது. அத்தனை சாறும் பால்கனி ஓட்டை வழியாக இறங்கி, கீழ்வீட்டு கேனியா அம்மாள் காயப்போட்டிருந்த வெள்ளை மேசைவிரிப்பில் விழுந்தது. கேனியா அம்மாள் போலந்துக்காரி, நிதானமாகத்தான் பேசுவாள். அண்ணாந்து பார்த்து, "ஷம்மாஷ் சார், பாலைவனத்துல சாப்பிட வானத்துலேர்ந்து மன்னா விழுந்துச்சுன்னு வேதத்துல படிச்சிருக்கேன். அது கறுப்பா விழுந்துச்சுன்னு எங்கயும் எழுதலையே?" என்றாள்.

மறுநாள் இன்னொரு மூன்று கிலோ. இந்த முறை கேனியா அம்மாளே ஒரு துணி கொடுத்தாள், "உறை கிறைன்னு போயிடாதீங்க" என்று சொல்லி. பாகை அடுப்பில் ஏற்றிவிட்டேன். சுருள இரண்டு மணி நேரம் ஆகும். சும்மா நின்று கிளறாமல், எதிரியின் பலத்தைப் பார்த்துவருவோம் என்று புத்தி போயிற்று. ஒரு எலுமிச்சம்பழம் கேட்கும் சாக்கில் மேல்மாடிக்குப் போனேன். பெஹார் ஏப்ரன் கட்டிக்கொண்டு பாதாம் நறுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க! உக்காருங்க! ஆள் வந்தே எத்தனை நாளாச்சு!" என்று என்னை உட்காரவைத்து ஒரு கரண்டி நீட்டினார். அது கேவலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வாயில் வைத்தேன். அக்கா, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அமிர்தம். என் கண்ணும் மூடத்தான் பார்த்தது, நான்தான் இரண்டு விரலால் இமையைப் பிடித்துக்கொண்டேன். "கண்ணுல தூசியா?" என்று கேட்டார் அந்த மனுஷர். அப்புறம் அவர் மனைவி அதை எப்படிச் செய்வாள், அவள் போனபிறகு ஆறு வருஷம் அளவு சரியாக வராமல் எப்படித் தவித்தார் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நான் அவர் போட்ட சாமான்களை மனசுக்குள் குறித்துக்கொண்டே தலையாட்டினேன். திடீரென்று மூக்கை உயர்த்தி, "கீழ ஏதோ கருகுற மாதிரி இல்ல?" என்றார். நான் படி இறங்கிய வேகத்தில் என் முழங்கால் இன்னும் வலிக்கிறது. பாத்திரத்தில் தார் இருந்தது. கரண்டி அதில் நட்டுக்கொண்டு நின்றது. இன்றுவரை பிடுங்க முடியவில்லை.

மூன்றாவது முறை செய்ததை எழுதக் கை கூசுகிறது. கடையில் புட்டிப் பாகு வாங்கினேன். அதில் திருட்டுத்தனமாக ஆரஞ்சுத் தோலும் ஆப்பிளும் போட்டேன். ஆமாம் அக்கா, ஹலேக்கில் ஆப்பிள். அப்பா இருந்திருந்தால் என்னை மகன் இல்லை என்றிருப்பார். அக்ரூட்டை இடிக்கும்போது பெஹாரின் எண்ணெய்த் தலை நினைவுக்கு வந்ததால் அது மாவாகவே போய்விட்டது.

பண்டிகை மாலை மேசையைச் சுற்றி மகள் ஓர்னா, மாப்பிள்ளை, நாங்கள் இருவர், ஐந்தாவதாக ஒரு நாற்காலி. "இது யாருக்கு?" என்றேன். "பாவம் பெஹார், இன்னிக்குப் போய்த் தனியா உக்காந்து சாப்பிடுவாராங்க?" என்றாள் ஜார்ஜெட். அவர் ஒரு கையில் பூங்கொத்தும் மறு கையில் கிண்ணமுமாக வந்தார். அன்றைய வழக்கப்படி சாய்ந்து உட்கார வீட்டில் இருக்கும் ஒரே நல்ல மெத்தை, வருஷா வருஷம் என் முதுகுக்கு வருவது, அவர் முதுகுக்குப் போயிற்று. நான் மரக்கட்டையில் சாய்ந்துகொண்டு, எகிப்திலிருந்து விடுதலையான கதையைச் சொல்லும் ஹகாதாவைப் படித்தேன். எகிப்தின் வாதைகளைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் திராட்சை ரசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே வந்தேன். இரத்தம், தவளை, பேன் என்று போய், பத்தாவதாகத் தலைச்சன் சாவையும் சொல்லி முடித்துவிட்டு, நிறுத்தாமல், "பெஹார்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். சத்தியமாக வாய் தவறித்தான், அக்கா. "அப்பா, பத்துதானே?" என்றாள் ஓர்னா. ஜார்ஜெட் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். பெஹார் மட்டும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "பதினொண்ணாவது வாதையா இருந்தாலும் சரி சார், தனியா ஒரு தட்டு முன்னாடி உக்காந்திருக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார். நல்லவராக வேறு இருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு கசப்புக் கீரையை ஹலேக்கில் தோய்த்துத் தின்னும் நேரம் வந்தது. மேசையில் இரண்டு கிண்ணம். ஜார்ஜெட் முதலில் என்னுடையதைத் தொட்டாள். கண் திறந்தே இருந்தது. அகலமாக. அப்புறம் அவருடையதை. கண்கள் மூடின. எண்ணினேன், நான்கு விநாடி. நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். தார்ப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜார்ஜெட் பின்னாலேயே வந்தாள். "என்னங்க, விருந்தாளியை விட்டுட்டு இங்க வந்து என்ன பண்றீங்க?" "நீ கண்ணை மூடினியே." "என்னது?" "அவரோடதைத் தின்னா மட்டும் கண்ணை மூடறே. போன வருஷமும் மூடினே. நாப்பத்தோரு வருஷத்துல என்னோடதுக்கு ஒரு தடவை மூடியிருப்பியா?" என் குரல் உடைந்துவிட்டது, அக்கா. அறுபத்தெட்டு வயசு ஆம்பிளை. அவள் என்னையே பார்த்தாள். பிறகு கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, அது பல்லுங்க! கடைவாய்ப் பல்லு! அந்த மனுஷன் பாதாமைக் கல்லு மாதிரிப் போடறாரு, கடிச்சா உயிர் போகுது. உங்களோடது மாவாட்டம் இதமா இருக்கு. மரியாதைக்கு ஒரு வாய் தின்னேன்" என்றாள்.

பல் வலி! ஒரு வருஷம் நான் ஒரு பல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். வெளியே போய் பெஹாரைக் கட்டிப்பிடித்தேன். என் ஹலேக்கை அவர் தட்டில் மலையாகக் குவித்தேன். அவருடைய கிளாரினெட்டைக்கூடப் புகழ்ந்தேன். மறுபடி வரச்சொல்லி வாசல்வரை போய் வழியனுப்பினேன். ஜார்ஜெட் பாவம், இத்தனை நாள் சொல்லாமல் தாங்கியிருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை பல் மருத்துவரிடம் நானே நேரம் வாங்கிவிட்டேன். என் மனசில் இப்போது ஒரு துளி பொறாமை கிடையாது, அதை உங்களுக்குத் தெரிவிக்கவே இவ்வளவும் எழுதினேன். உங்கள் மூட்டும் அத்தானின் அழுத்தமும் சீராகி, இருவரும் நூற்றிருபது வயது வாழ ஆண்டவர் அருளட்டும். விருந்து முடிவில் வழக்கமாகச் சொல்வதுபோல, "அடுத்த வருஷம் எருசலேமில்" என்று இந்த வருஷமும் சொன்னோம். பேருந்தில் ஒரு மணி நேரம்தான், ஆனாலும் போகவில்லை.

அன்புத் தம்பி,
ஹெஸ்கேல் ஷம்மாஷ்

பி.கு.: அண்ணி, ஜார்ஜெட் எழுதறேன். "உறையை ஒட்டாதீங்க, அண்ணிக்கு நானும் ரெண்டு வரி எழுதறேன்"னு சொல்லி வாங்கினேன். எனக்குப் பல் வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. முப்பத்திரண்டும் இரும்பு மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை அந்த டாக்டர்கிட்ட எதைக் காட்டறதுன்னுதான் தெரியல. பெஹாரோடது நெஜமாவே அவ்வளவு நல்லாருந்துச்சு. இவரோடதுல இந்த வருஷம் ஆப்பிள் கிடந்ததைப் பாத்துத்தான் என் கண்ணு அப்படி விரிஞ்சுபோச்சு. ஆனா சமையல்கட்டுல அந்த மூஞ்சியைப் பாத்ததும் மனசு கேக்கல, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். சொன்னது தப்பாப் போச்சு அண்ணி. போன ஒரு வருஷமா என் காய்கறிப் பையை இவருதான் தூக்கினாரு. புதுச் சட்டை போட்டா என்ன ஏதுன்னு பாத்தாரு. படியேறும்போது கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பல்லுன்னு சொன்ன மறுநாளே பேப்பரை விரிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. அதனால நீங்க ஒரு உபகாரம் பண்ணணும். பதில் எழுதறப்ப, "அந்த பெஹார் பாக்க எப்படி இருப்பாரு, ஜார்ஜெட் கடுதாசில ரொம்பப் பெருமையா எழுதியிருந்தாளே"ன்னு ஒரு வரி சேத்துடுங்க. இந்தக் கடுதாசியை முடிச்ச கையோட இவருக்குக் கண்ணாடி உடைஞ்சுபோச்சு. உங்க பதிலை நான்தான் சத்தமாப் படிச்சுக் காட்டுவேன்.