முப்பத்திரண்டாவது டப்பி

வெள்ளைக்கல் தோட்டம்,
டிக்கோயா.
1936, ஆவணி 9

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் சண்முகராஜா அவர்களுக்கு, தோட்டத்து மருந்துக்காரன் ராமநாதன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை சிவகாமசுந்தரியும் மழைக்கும் குளிருக்கும் தப்பி ஈசன் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அவ்விடத்துச் சுகத்தை எப்போதும் வழக்கத்துக்காக விசாரிப்பேன். இந்த முறை நிஜமாகவே விசாரிக்கிறேன்.

போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்து திரும்பிய சிவகாமசுந்தரி, தன்னை வழியனுப்ப வந்த உங்களுக்கு நானுஓயா ஸ்டேஷன் படியில் மூச்சு வாங்கியதாகவும் முகம் வெளுத்திருந்ததாகவும் சொல்கிறாள். அதோடு, நுவரெலியாக் கடைவீதிக்குப் புழு டாக்டர் வந்து டப்பி கொடுத்தபோது நீங்கள் ஜவுளிக் கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "செருப்புப் போட்டு நடக்கிறவனுக்குப் புழு எங்கிருந்து வரும்?" என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினீர்களாம். மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சு. "நீங்க எழுதுனாத்தான் அண்ணன் கேக்கும். இங்க நடந்தது பூராவும் எழுதுங்க" என்று பேனாவையும் மைக்கூட்டையும் என் முன்னால் வைத்துவிட்டாள். ஆகையால் எழுதுகிறேன். கடை வேலை இருந்தாலும் கடைசிவரை படியுங்கள்.

ஆடி பிறந்ததும் புழு டாக்டர் இந்தத் தோட்டத்துக்கு வருவதாகப் பெரிய தொரை சொல்லியனுப்பினார். டாக்டருக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. கொழும்பிலிருந்து பூதக்கண்ணாடியோடு வந்து, யார் வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறது என்று பார்த்து, இருந்தால் மருந்து கொடுத்துவிட்டுப் போகிறவர். அவர் பார்ப்பதற்காக ஒவ்வொருவரும் சிறு தகர டப்பியில் கொட்டைப்பாக்கு அளவு, எதை என்று எழுதப் பேனா கூசுகிறது, காலையில் வெளிக்குப் போகும்போது எடுத்து வைக்க வேண்டும். டப்பி மேல் ஒரு சீட்டு ஒட்டி, பேர், தகப்பன் பேர், லயம், காம்பிரா எல்லாம் எழுத வேண்டும். நான், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் காலைப் பெரட்டில் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, புழு பாதத்தின் வழியாக நுழைந்து குடலில் கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும் விதத்தை அரை மணி நேரம் விளக்கினேன். நல்ல பிரசங்கம் என்றுதான் நினைத்தேன். முடித்ததும் முன்வரிசையில் நின்ற ராசம்மா, "ஏங்கய்யா, கொழுந்து கேட்டீங்க, குடுத்தோம். இப்ப இதையுமா கேக்குறீங்க? இதையும் கப்பல்ல ஏத்தப் போறீங்களா?" என்று கேட்டாள். பெரட்டுக் களமே சிரித்தது. கங்காணி ஆண்டியப்பன்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

டப்பிகளைக் கொடுத்த மறுநாள் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எனக்கு எதையும் காரணம் தெரியாமல் விட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். போய்ப் பார்த்தேன். ஒன்றில் மூக்குப்பொடி இருந்தது, ஒன்றில் உப்பு. நாலைந்து டப்பிகளுக்கு ஓட்டை போட்டுப் பிள்ளைகள் வண்டிச் சக்கரமாக உருட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. "நாளைக்குத் தாறோங்கய்யா" என்றார்கள். அந்த நாளை ஐந்து நாள் ஓடியது. வெட்கமா, அருவருப்பா, பயமா? நோட்டுப் புத்தகத்தில் மூன்றையும் எழுதி ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

இதில் எனக்கு ஒரு தனிக் கவலை இருந்தது. மூன்றாம் லயத்தில் காளியாயி என்று ஒருத்தி. மூன்று பிள்ளைக்காரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் மலையில் கொழுந்து கிள்ளும்போது அவள் கை போகிற வேகத்துக்கு யாராலும் ஈடு கொடுக்க முடியாது. இப்போது முகம் ஊதி, கண்ணிமை வெள்ளைத் துணி மாதிரி ஆகி, கூடையோடு நாலு அடி ஏறினால் கல்லில் உட்கார்ந்துவிடுகிறாள். கங்காணி அவளுக்கு அரைநாள் கூலியாக அரைப் பேர்தான் போடுகிறார். "உடம்பு வளையல, சோம்பேறி. மாசக் கடைசியில பேர வெட்டிருவேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். பேர் வெட்டினால் குடியிருக்கும் காம்பிரா போய்விடும், பிள்ளைகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும். அவள் உடம்பில் புழு இருக்கிறது என்று எனக்கு நிச்சயம், ஆனால் என் நிச்சயத்தைக் கங்காணி கேட்பாரா? டாக்டர் சீட்டு எழுதினால் பெரிய தொரையே கேட்பார்.

ஆறாம் நாள் காலையில் பார்த்தால், மச்சான், மருந்துச்சாலை வாசலில் மூன்றாம் லயத்து டப்பிகள் முப்பத்தொன்றும் வரிசையாக இருக்கின்றன! ஒன்றுகூடக் குறைவில்லை. என் பிரசங்கம் மெதுவாக வேலை செய்திருக்கிறது என்று நினைத்து அன்றைக்கு இரண்டாவது தரம் காப்பி குடித்தேன். மற்ற லயங்களிலிருந்து ஒன்று இரண்டுதான். உத்தியோகஸ்தர் வீடுகளிலிருந்து எட்டு. டாக்டரும் வந்து ஜன்னலோரம் பூதக்கண்ணாடியை வைத்து உட்கார்ந்தார். ஒன்று பார்த்தார், இரண்டு பார்த்தார், பத்தாவதில் கண்ணாடியைத் துடைத்தார், இருபதாவதில் என்னைத் துடைப்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தத் தோட்டத்தில் அரிசிக்குப் பதிலாகச் சோளமா கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"இல்லையே, அரிசிதான்" என்றேன்.

"முப்பத்தொரு பேருக்கும் கொக்கிப்புழு இல்லை. முப்பத்தொரு பேரும் சோளம் தின்றிருக்கிறார்கள். ஒரு லயத்துக்கே ஒரே வயிறா, மிஸ்டர் ராமநாதன்?"

எனக்குக் காது இரண்டும் சுட்டது. உத்தியோகஸ்தர் டப்பிகளிலும் ஒன்றில் அதே சோளம், ஆனால் சீட்டில் தண்ணீர் பட்டு எழுத்து அழிந்திருந்தது. ஆக, முப்பத்திரண்டு. இந்த முப்பத்திரண்டாவது யாருடையது என்று நானும் விசாரித்தேன், கிளாக்கர் இல்லை என்கிறார், டீ மேக்கர் சத்தியம் செய்கிறார். இன்றுவரை துப்புத் துலங்கவில்லை. அது கிடக்கட்டும், முக்கியமானதுக்கு வருகிறேன்.

தோட்டத்தில் சோளம் போட்டிருக்கிறவன் ஒருத்தன்தான், மூன்றாம் லயத்துக்குப் பின்னால் குடியிருக்கும் கோடாங்கி மாயாண்டி. உடுக்கடித்துக் குறி சொல்வான், பேய் விரட்டுவான், ஒழிந்த நேரத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவான். இரண்டு நாளில் முப்பத்திரண்டு டப்பி! அந்த மனிதனின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கூத்தின் பலன் காளியாயி தலையில் விடிந்தது. "பாத்தீங்களா, புழுவும் இல்ல பூச்சியும் இல்ல, சோம்பல்தான்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று ஆண்டியப்பன் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார். டாக்டர் இன்னும் இரண்டே நாள்தான் இருப்பார். மாதக் கடைசிக்கு நாலு நாள். எனக்கு வந்த கோபத்தில் குடையைக்கூட எடுக்காமல் மழையில் அவள் காம்பிராவுக்குப் போனேன்.

அடுப்பு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். "ஏன்டி, உன் உயிரைக் காப்பாத்தத்தானே கேட்டேன், மாயாண்டி வயித்தைப் பார்த்து உனக்கு எப்படி மருந்து தர்றது?" என்று கத்திவிட்டேன். அவள் பயப்படவில்லை. என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அய்யா, கோவிச்சுக்காதீங்க. ஒருத்தருக்குச் செய்வினை வைக்கணும்னா மந்திரவாதி என்னென்ன கேப்பான்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"பேரு கேப்பான். அப்பன் பேரு கேப்பான். எந்த வீடுன்னு கேப்பான். ஒடம்புலருந்து முடியோ நகமோ ஏதாவது ஒண்ணு கேப்பான். எல்லாத்தையும் ஒரு டப்பியில அடச்சு மூடுவான். நீங்க பொட்டி மேல நின்னுக்கிட்டு அதைத்தானேங்கய்யா கேட்டீங்க?"

நான் நனைந்தபடி வாசலில் நின்றேன்.

"கோடாங்கிய எந்த ஏவலும் அண்டாது. அதான் எல்லாருக்கும் சேத்து அவரையே குடுக்கச் சொன்னோம். அவரும் பாவம், இல்லேன்னு சொல்லல."

மச்சான், பன்னிரண்டு வருடமாக இவர்களுக்கு மருந்து கலக்கிக் கொடுக்கிறேன். நோட்டுப் புத்தகத்தில் மூன்று காரணம் எழுதினேனே தவிர ஒருத்தியிடம் உட்கார்ந்து கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். "சரி, எப்படிக் கேட்டா குடுப்பீங்க?" என்றேன். அவள் கொஞ்சநேரம் யோசித்து, "பேரு எழுதக் கூடாது" என்றாள். பேர் இல்லாவிட்டால் எது யாருடையது என்று டாக்டருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மூலையில் இருந்த கொழுந்துக் கூடையைக் கையால் காட்டினாள். அதன் காதில் ஒரு நீலத்துணிக் கிழிசல் கட்டியிருந்தது. "நூறு கூடை கெடந்தாலும் எங்க கூடை எங்களுக்குத் தெரியும்ல" என்றாள். தினமும் அந்தக் கூடைகளைத் தாண்டித்தான் போகிறேன், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் கிழிசல் தொங்குவதை இத்தனை வருடமாக அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

இன்னும் இரண்டு நிபந்தனை போட்டாள். டப்பிகளை அந்நியர் தொடக் கூடாது, மாயாண்டிதான் சுமந்து வர வேண்டும். பார்த்து முடித்ததும் அவர்கள் கண்முன்னால் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். டாக்டரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன், ஆனால் அவர், "புதைக்கச் சொல்லி நான் ஐந்து வருடமாகக் கெஞ்சுகிறேன், இவர்களே கேட்கிறார்களா?" என்றார்.

மறுநாள் காலை மாயாண்டி நெற்றி நிறைய விபூதியோடு டப்பிக் கூடையைத் தலையில் சுமந்து, உடுக்கை அடித்துக்கொண்டே வந்தான். பின்னால் ராசம்மா முதலாக மூன்றாம் லயம் முழுவதும். டப்பிகளில் சிவப்புக் கிழிசல், மஞ்சள் நூல், வாழைநார், பின்னின தலைமயிர்க் கயிறு. மயிர்க் கயிறு கட்டினவளிடம் "இது மட்டும் பரவாயில்லையா?" என்று கேட்கலாமென்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். சோளம் ஒரே ஒரு டப்பியில்தான் இருந்தது. நீலக் கிழிசல் டப்பியை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு காளியாயியையே கூப்பிட்டு, "நீங்களே பாருங்கள்" என்று கண்ணாடியைக் காட்டினார். அவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இம்புட்டும் முட்டைங்களா?"

"முட்டைதான்."

"அடியாத்தே! கோழி இம்புட்டு வச்சிருந்தா நான் எதுக்குங்கய்யா மலைக்குப் போறேன்?"

முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேருக்குப் புழு. காளியாயிக்குத்தான் எல்லோரையும்விட அதிகம். இது சோம்பல் இல்லை வியாதி, பதினைந்து நாள் ஓய்வு, பேர் வெட்டக் கூடாது என்று டாக்டர் பெரிய தொரைக்கு எழுதிக் கொடுத்தார். மருந்துக்கும் பேதிக்கும் பிறகு இரும்புச்சத்து மருந்தை நானே தினமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேற்று மலைக்குப் போனாள். கல்லில் உட்காராமல் உச்சி வரைக்கும் ஏறினதைக் கீழே நின்று பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்டியப்பன் முழுப் பேர் போட்டார், முகத்தைத்தான் என் பக்கம் திருப்பவில்லை.

ஆகவே மச்சான், படித்தவர், பட்டணவாசி, நாலு பேர் மதிக்கும் வியாபாரி, நீங்கள் ஒளியலாமா? காளியாயிக்காவது ஒரு காரணம் இருந்தது. உங்களுக்கு என்ன இருக்கிறது? வெறும் கௌரவம்தானே? செருப்பைக் கழற்றாமல் கிணற்றடிக்குப் போகிற மனிதனை நான் பார்த்ததில்லை. தயவுசெய்து டப்பி கொடுத்துவிடுங்கள். அக்காவுக்கு நமஸ்காரம். பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்
ராமநாதன்

பின்குறிப்பு: அண்ணே, இது சிவகாமசுந்தரி எழுதுவது. உறை ஒட்டுவதற்கு முன்னால் சேர்க்கிறேன். நீங்கள் கோபப்படக் கூடாது. ஸ்டேஷனில் உங்களுக்கு மூச்சு வாங்கவும் இல்லை, முகம் வெளுக்கவும் இல்லை. நுவரெலியாக் கடைவீதியில் முதல் டப்பி கொடுத்ததே நீங்கள்தான் என்று அண்ணி சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மருந்துச்சாலைப் படியில் பங்குனியிலிருந்து மூச்சு வாங்குவது இவருக்குத்தான். "செருப்புப் போட்டு நடக்கிறவனுக்குப் புழு எங்கிருந்து வரும்" என்பதும் இவர் பேச்சுத்தான். ஆறாம் நாள் விடியற்காலையில் மாயாண்டி சேம்பிலையில் எதையோ மூடி நம் அடுக்களைப் பக்கமாகக் கொண்டுவந்து கொடுத்தான். சோளக்கதிர் என்று நினைத்து உலையே வைத்துவிட்டேன். சீட்டின் மேல் தண்ணீர் தெளித்ததையும் பார்த்தேன். நான் சொன்னால் கேட்கமாட்டார், ஆனால் தாம் எழுதினதைத் தாமே நம்புவார் என்றுதான் உங்கள் தலையில் பழியைப் போட்டு எழுதச் சொன்னேன். எழுதி முடித்து இரண்டு தரம் சத்தமாகப் படித்தார். இப்போதுதான் என் பழைய சேலையில் ஒரு கிழிசல் கேட்டார். என்ன நிறம் என்றேன். காளியாயியோடது நீலம், வேறே ஏதாவது கொடு என்றார். டாக்டர் வியாழக்கிழமை மறுபடி வருகிறார்.